புஷ்பவல்லியின் மூக்கு

சின்னையா தும்மினார். புஷ்பவல்லி சட்டியை இறக்கினாள்.

வல்லாரைத் துவையலுக்கு மிளகாய் வறுபட்டாயிற்று. துவையலுக்கும் தாளிப்புக்கும் ஒரு தும்மல் போதும். புளிக்குழம்புக்கு இரண்டு வேண்டும். மூன்றாவது வந்துவிட்டால் மிளகாய் தீய்ந்துவிட்டது என்று கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவாள். சமையல் கொட்டகையின் வாசலில், உள்ளிருந்து காற்று வெளியே போகும் பக்கமாக, ஒரு முக்காலி கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அவள் புருஷன் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேப்பர் படிக்கலாம். வெற்றிலை போடலாம். சுருட்டு மட்டும் கூடாது.

"சும்மா குந்தியிருக்கேன்னு வர்றவங்க நெனைக்கிறாங்க. நான் இங்க டூட்டில இருக்கேன் லா" என்பார் சின்னையா.

புஷ்பவல்லிக்கு வாசனை தெரியாது. பத்து வருடங்களாகத் தெரியாது. மல்லிகையும் மாட்டுச் சாணமும் மழை விழுந்த மண்ணும் அவளுக்கு வெறும் காற்று. இது சின்னையாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"பேருல பூவு இருக்கு, மூக்குல இல்ல" என்று ஒரே ஒரு முறை கேலி செய்தார். அன்று இரவு அவருக்குச் சோறு இல்லை.

அவள் சமைப்பது காதால். கடுகு வெடித்து ஓயும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் கறிவேப்பிலை போடுவதற்கும் நடுவே ஒரு மூச்சு விட வேண்டும். வெங்காயம் ஈரம் இருக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கும், ஈரம் போனால் குரல் தாழும். ரசம் ஓரத்தில் நுரைத்து நடுவில் இன்னும் அசையாமல் இருக்கும்போது அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிடுவாள். மிளகாய் ஒன்றுதான் சத்தம் போடாது. நிறம் பார்க்கலாம் என்றால் விறகடுப்புப் புகையில் நிறம் பொய் சொல்லும். அதற்குத்தான் சின்னையா.

செமினி டவுனிலிருந்து உள்ளே நான்கு மைல், பாதி தார், பாதி செம்மண். பாதை முடிகிற இடத்தில் இரண்டு ஏக்கர் காய்கறிக் கொல்லை. முன்பு ரப்பர் இருந்த நிலம். ஆறு வருடங்களுக்கு முன் மரங்களை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்தபோது புஷ்பவல்லியும் சின்னையாவும் வந்தார்கள். இப்போது வெண்டை, கத்தரி, பாகல், சிறகவரை, நாலு வகைக் கீரை, ஓடையோரமாகக் கங்கோங் கீரை, வேலி நெடுக முருங்கை. நுழைவில் ஒரு பலகை. கேயெல் பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும் அறிவியல் ஆசிரியர் வாசு தன் கையால் பச்சை மையில் எழுதிக் கொண்டுவந்து ஆணி அடித்தது: 'மருந்து படாத காய்கறி.' புஷ்பவல்லிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். படிக்கவில்லை. பலகை நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வரும். வேனில் சிவகாமி ஆச்சி, வாசு, அவர்கள் தெருக்காரர்கள், அந்தந்த வாரத்துப் புதியவர்கள் என்று பதினைந்து இருபது பேர். இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடப்பார்கள். வெண்டைக்காயைப் பறித்த கையோடு கடிப்பார்கள். ஓட்டை விழுந்த கீரையைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். பூச்சி தின்றதுதான் நல்ல கீரை என்று வாசு சொல்லியிருந்தார். பாசாரில் ஓட்டைக் கீரையை இந்த ஆட்களே ஒதுக்கித் தள்ளுவார்கள் என்பது புஷ்பவல்லிக்குத் தெரியும்.

"மொதல்ல பூச்சிக்குப் பந்தி. அது எந்திரிச்சப்பறம் உங்களுக்கு" என்பார் சின்னையா, முக்காலியில் இருந்தபடி.

ஒரு மணிக்கு ரம்புத்தான் மரத்தடியில் பாய் விரித்து இலை போடுவார்கள். கைக்குத்தல் அரிசிச் சோறு, பாசிப்பருப்பு போட்ட முருங்கைக்கீரை, வல்லாரைத் துவையல், அன்றைக்குப் பறித்ததில் ஒரு கூட்டு, ஒரு பொரியல், ரசம். கறி மீன் கிடையாது. முதலில் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது பேச்சு நின்றுவிடும். இருபது பேர் வாயைத் திறக்காமல் மெல்லும் அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் புஷ்பவல்லி வாரம் முழுக்கக் குனிந்து நிமிர்கிறாள்.

இவ்வளவில் ஒரு நடிப்பும் இருந்தது. ரசம் வைக்கும்போது இரண்டு மூன்று பேர் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அப்போது புஷ்பவல்லி மூடியைத் திறந்து, முகத்தை ஆவிக்குள் கொடுத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். "ம்ம்" என்பாள். உள்ளே சூடு மட்டும் போகும். பார்க்கிறவர்களும் கூடவே இழுத்து, "என்னா வாசம்!" என்பார்கள். முதல் வாரம் யாரோ "உங்க கை வாசம் இந்தக் கேயெல்லுல எங்கயும் இல்ல அக்கா" என்றார்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மூக்கு இல்லாதவள் கையால் சாப்பிட செமினி வரைக்கும் யார் வருவார்கள்? மூக்கு எப்படிப் போனது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் இலைக்குப் பக்கத்தில் அந்தக் கதையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கதை பெரிதில்லை. மேரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருடம் அவள் புல்லுக்கு மருந்து அடித்தாள். அடிப்பது எல்லாம் பெண்கள்தான். காலையில் வேலை பிரிக்கும் மண்டோர் வந்து, "இன்னிக்கு யார் யார் மருந்து?" என்று கேட்பார். கை தூக்குகிறவர்கள் பம்பை முதுகில் மாட்டிக்கொள்வார்கள். தோட்டத்தில் அதற்கு வேறு பேர் இல்லை. டின்னில் ஏதோ இங்கிலீஷில் போட்டிருக்கும், மண்டை ஓடும் போட்டிருக்கும். ஆனால் வாயில் வருவது மருந்துதான். முதுகில் ஒழுகினால் மருந்து ஒழுகுது. மூக்கில் ரத்தம் வந்தால் மருந்துச் சூடு. வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் விழுந்து பிறகு முளைக்கவே இல்லை. ஒரு நாள் பானையில் சோறு தீய்ந்து புகைந்து, பக்கத்து வீட்டு வீரம்மா, "ஏண்டி, செத்துக் கித்துப் போனியா?" என்று ஓடிவந்தாள். புஷ்பவல்லி அடுப்புக்கு இரண்டு அடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தை விட்டு வரும்போது பம்பு ஒன்றையும் கொண்டுவந்துவிட்டாள். ஆபீஸ் கிராணியிடம் கேட்டு வாங்கியதுதான். அதை மூன்று நாள் வெந்நீரிலும் சாம்பலிலும் ஊறப்போட்டுக் கழுவினாள். இப்போது அதில் பூண்டும் மிளகாயும் அரைத்துப் புளிக்கவைத்த தண்ணீர் ஊற்றி அடிக்கிறாள். சாம்பலை மாவாகச் சலித்துத் தூவுகிறாள். புளித்த மோர் தெளிக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பேர்தான் இருந்தது. வேறு பேர் வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

நிலம் சிவகாமி ஆச்சியின் புருஷன் வீட்டாருடையது. ஆச்சியின் கொழுந்தனார் அடைக்கப்பன் அதை வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதையின் தார் போட்ட பாதியில் ஏற்கெனவே வரிசை வீடுகள் வந்துவிட்டன. "அங்க வெளயிறதச் சாப்பிட வாரம் இருவது பேர் போறோம். அவுக வராம போற அன்னைக்குக் குடுத்துக்க" என்பது ஆச்சியின் பதில். இந்தப் பதிலை ஆச்சியே ஒரு நாள் இலையில் உட்கார்ந்து சிரித்தபடி சொல்லிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவல்லியும் சிரித்துவிட்டு உள்ளே போய், ஒரு கரண்டி அதிகமாக நெய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் காலையில் இரண்டு முறை நின்றது. துவையலுக்குத் தும்மிவிட்டு சின்னையா ஸ்பேனரோடு கொல்லைக்குப் போய்விட்டார். ஒரு மணிக்கு இலை போட்டாயிற்று. ரசத்துக்குத் தாளிக்க வேண்டியது மட்டும் பாக்கி. வந்தவர்கள் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஒரு வழியாக உயிர் பிடித்தது. சின்னையா குழாயைக் கீரைப் பாத்திப் பக்கம் இழுத்துக்கொண்டு போவதைப் புஷ்பவல்லி கொட்டகையிலிருந்து பார்த்தாள். அடித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். வாசலுக்கு வந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அங்க ஊத்தாதீங்க! கீரைக்கு நேத்துத்தான் மருந்து அடிச்சேன்! வெண்டிக்காய்ப் பக்கம் திருப்புங்க!"

திரும்பியபோது தொட்டியருகே யாரும் கை கழுவவில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இலையில் உட்கார்ந்துவிட்டவர்கள், ஓரத்தில் வைத்திருந்த முருங்கைக்கீரையைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் இலையை இரண்டு விரலால் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"மருந்து அடிச்சீங்களா அக்கா?" என்றார் வாசு.

"ஆமா சார், நேத்துச் சாயங்காலம். இன்னிக்குப் பறிச்சதுல இல்ல, அது முருங்க. பாத்திக் கீரைக்கு அடிச்சேன். புழு ஏறிருச்சு."

அவள் இதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னாள். வாசு திரும்பி, வேலியோரம் தெரிந்த தன் பச்சைப் பலகையைப் பார்த்தார். பிறகு சாமான் கொட்டகையின் சுவரில் ஆணியில் தொங்கிய பம்பைப் பார்த்தார். தோட்டத்துப் பம்பு, தோளில் மாட்டும் வாரோடு. இத்தனை வாரமும் அது அங்கேதான் தொங்கியது.

"அதுல என்ன ஊத்தினீங்க?"

"மருந்துதான் சார். வாங்க காட்டுறேன், அதுக்கு ஏன் இப்படி நிக்கிறீங்க?"

சாமான் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு நீலத் தோங். வாய் குறுகிய பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே இருப்பது தெரியாது. இடது பக்கம் இருப்பது பூண்டுத் தண்ணீர், வலது பக்கம் எஞ்சினுக்கு டீசல். இடம்தான் அடையாளம். ஆறு வருடமாக இடம் மாறியதில்லை. புஷ்பவல்லி இடது தோங்கைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஆச்சியும் வந்தார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்போதும் செய்வதையே அவள் செய்தாள். மூடியைத் திருகினாள், முகத்தை வாய்க்கு மேலே கொண்டுபோனாள், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள்.

"ம்ம். பூண்டு, மெளகா. அவ்வளவுதான். மோந்து பாருங்க."

யாரும் குனியவில்லை. குனிய வேண்டியதில்லை.

"ஆன்டி, பெட்ரோல் ஸ்டேசன் மாதிரி நாறுது" என்றாள் சந்திரகலா. பேங்க்கில் வேலை பார்க்கும் பெண், இது அவளுக்கு இரண்டாவது வாரம்.

"இல்ல லா, புளிச்சிருக்குல்ல, அதான்" என்று புஷ்பவல்லி மறுபடி குனிந்து இழுத்தாள். "பூண்டு ஒறைக்குதே, தெரியல?"

"அக்கா" என்றார் வாசு, வகுப்புக் குரல் இல்லாமல். "இது டீசல்."

அவள் தோங்கைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றினாள். வழவழவென்று ஓடியது. காலையில் எஞ்சினுக்கு ஊற்றிவிட்டு மனுஷன் இடம் மாற்றி வைத்துவிட்டார்.

"கீரைக்கு டீசலா அடிக்கிறாங்க?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். இன்னொரு குரல், "அத மோந்து பாத்துட்டே பூண்டுன்னு சொல்றாங்க பாரு" என்றது. அந்த இரண்டாவது குரலில்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

ஆச்சி முன்னால் வந்தார். "புஷ்பவல்லி. என்னயப் பாத்துச் சொல்லு. கீரைக்கு என்ன அடிச்சே?"

"மருந்துதான் ஆச்சி."

"மருந்துன்னா?"

"மருந்துன்னா மருந்துதான். தோட்டத்துல அடிச்சது அது வேற மருந்து. இது பூண்டு மருந்து. சாம்ப மருந்து இருக்கு, மோரு மருந்து இருக்கு. செடி மேல ஊத்துறது எல்லாம் மருந்துதானே, பின்ன என்னான்னு சொல்றது?"

வாசுவின் முகம் கொஞ்சம் மாறியது. ஆச்சியின் முகம் மாறவில்லை. அவர் கண்கள் நீலத் தோங்கில் இருந்தன.

"அப்ப இதுக்குள்ள மூக்க விட்டுப் பூண்டுன்னு சொன்னியே. அது என்ன?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் சின்னையா வெண்டைப் பாத்தியில் குழாயைப் பிடித்துக்கொண்டு இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கூப்பிட்டால் வருவார். "அது என் தப்பு, நான்தான் மாத்தி வெச்சேன்" என்பார். வைத்தது அவர் தப்பு. மோந்தது? புஷ்பவல்லி டீசல் கையைப் புடவையில் துடைத்தாள். நகமில்லாத இரண்டு விரல்களையும் தனித்தனியாகத் துடைத்தாள்.

"எனக்கு மூக்கு இல்ல ஆச்சி."

"என்னா?"

"வாசம் தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. பதினாறு வருசம் முதுகுல பம்பு. அதுல போயிருச்சு."

ஆச்சி அவள் மூக்கையே பார்த்தார். மூக்கு அங்கேதான் இருந்தது, ஒற்றைக் கல் மூக்குத்தியோடு.

"பின்ன வாரா வாரம் எங்க முன்னாடி மோந்து மோந்து பாப்பியே?"

"நீங்கள்லாம் பாத்துக்கிட்டு நிப்பீங்க. நான் சும்மா நிக்க முடியுமா?"

"அப்ப ரசம்?" என்றாள் சந்திரகலா.

"காதுல கேட்டு வெப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. வாசு உள்ளே போய் மற்ற தோங்கைத் திறந்தார். விரலில் தொட்டார், கொஞ்சம் தயங்கினார், பிறகு நாக்கில் வைத்தார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, இருமத் தொடங்கினார். "பூண்டு" என்று இருமலுக்கு நடுவே சொன்னார். "மெளகா... ஐயோ... பூண்டுதான்." ஒருவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

புஷ்பவல்லி நிற்கவில்லை. சமையல் கொட்டகைக்குப் போனாள். ரசம் தாளிக்காமல் கிடந்தது. தாளிக்காத ரசம் வெறும் புளித்தண்ணீர். இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி எண்ணெய் விட்டாள். வெளியே செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. வேன் கதவு ஒன்று இழுபட்டது. யாராவது தண்ணீர் பாட்டிலுக்காகத் திறந்திருக்கலாம், ஏறி உட்காரவும் திறந்திருக்கலாம். அவள் எட்டிப் பார்க்கவில்லை. கீரைப் பாத்தியில் புல்டோசர் எப்படி நிற்கும் என்று ஒரு கணம் தோன்றியது. மஞ்சள் நிறத்தில், ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கடுகு போட்டாள். வெடித்தது. ஓயக் காத்திருந்தாள். ஒரு மூச்சு. கறிவேப்பிலை. அடுத்தது மிளகாய். கையில் எடுத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். முக்காலி காலியாகக் கிடந்தது. கூப்பிடலாம் என்று நினைத்தாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே இன்னொரு தடவை கத்த மனசில்லை.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. ஆச்சி.

உள்ளே வந்து நிற்க இடம் தேடினார். புகைக்கு முந்தானையை ஒரு தரம் வீசினார். முக்காலியைக் காலால் இழுத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் அடைக்கப்பனக் கூட்டியாறேன்" என்றார். "அவனுக்குக் காரம் கூட வேணும். சொல்லிட்டேன்."

புஷ்பவல்லி மிளகாயை எண்ணெயில் போட்டாள். அது சத்தமில்லாமல் கிடந்தது. அவள் சட்டியைப் பார்க்கவில்லை.

"என்ன என்னயவே பாக்குறே?" என்றார் ஆச்சி.

கைப்பிடித் துணி சட்டியின் காதில் தயாராக இருந்தது. ஆச்சியின் மூக்கு நுனி சுருங்கியது. ஒரு கை மேலே வந்தது. கண் இடுங்கியது.

ஆச்சி தும்மினார். புஷ்பவல்லி சட்டியை இறக்கினாள்.